தரைக்கு எட்டாத கால்

நடந்ததைச் சொல்வதற்கு முன் என் உயரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தடி மூன்றங்குலம். நாற்பத்து நான்கு வயது வரை அதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. அல்லது நினைக்காதது போல இருந்திருக்கிறேன்.

பல் செட் செய்யும் லேபில் எனக்கு வேலை. நாள் முழுக்க மெழுகும் பிளாஸ்டர் தூளுமாக உட்கார்ந்திருப்பவனுக்கு வாய்தான் ஊர் சுற்றும். மலைப்பாதை, ஆற்றுப்படுகை, ஆயிரம் கிலோமீட்டர் பயணம் என்று மோட்டார் சைக்கிள் பற்றியே பேசிப் பேசி, லேபில் எனக்கு 'ஹைவே' என்று பெயரே வைத்துவிட்டார்கள். உண்மையில் நான் ஓட்டியதெல்லாம் தினம் பதினான்கு கிலோமீட்டர். காலையில் மனைவியை அவள் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் இறக்கிவிட்டு லேபுக்குப் போவேன், மாலையில் அதே வழியில் திரும்புவேன். வண்டி, பதினொரு வருடம் உழைத்துத் தேய்ந்த சின்ன பைக்.

அது இனி தாங்காது என்றானதும் அட்வெஞ்சர் பைக் ஒன்று வாங்குவதென்று முடிவு செய்தேன். ரொம்பப் பெரிதும் வேண்டாம், சின்னதும் வேண்டாம், நடுத்தரமாக ஒன்று. மூன்று மாதம் வீடியோ பார்த்தேன். கடைசியில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று உயரமானது. முன்சக்கரம் இருபத்தொரு அங்குலம், சீட் கிட்டத்தட்ட என் இடுப்பு உயரம், காட்டிலும் கல்லிலும் ஏறுவதற்கென்றே செய்தது. இன்னொன்று பார்ப்பதற்கு அதே ஜாடை, ஆனால் சக்கரம் சின்னது, சீட் தாழ்வு, தார் ரோட்டுக்கென்று செய்தது. இந்த இரண்டாவதை லேபில் எல்லோரிடமும் "மாறுவேடப் போட்டிக்கு வந்த வண்டி" என்று கிண்டலடித்தேன். சிரித்தார்கள். அப்போதே என் கையை நானே கட்டிக்கொண்டேன்.

ஷோரூமுக்கு மனைவியும் வந்தாள். விற்பனைப் பையன்கள் வேறு யாரையோ கவனித்துக்கொண்டிருந்ததால், வண்டியைக் காட்ட ஒரு மெக்கானிக் வந்தார். முப்பத்தைந்து வயதுப் பெண். சட்டைப் பையில் டயர் காற்று பார்க்கும் கருவி, நகக்கண்ணில் கிரீஸ்.

"தினமும் எங்க ஓட்டுவீங்க சார்?"

"வீட்டுலேர்ந்து வேலைக்கு. அப்பப்போ மண் ரோடு."

"எப்போ?" என்றாள் என் மனைவி. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

உயரமான வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு கால் விரல் நுனிகளும் தரையைத் தடவின. மெக்கானிக் குனிந்து என் செருப்புக்கும் தரைக்கும் இடையே இருந்த இடைவெளியைப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். ஓடும்போது ஒண்ணும் தெரியாது. நிக்கும்போதுதான் தொல்லை. பின்னாடி ஆள் இருந்தா இன்னும் கஷ்டம். உங்களுக்கு ரோட்டுலதான வேலை, அந்தத் தாழ்வான வண்டியே போதும். இல்ல, இதுதான் வேணும்னா சீட்டைக் குறைச்சுத் தர்றேன்."

பக்கத்தில் நின்ற யாரோ திரும்பிப் பார்த்தார்கள். என் காது சுட்டது.

"நான் பதினஞ்சு வயசுலேர்ந்து வண்டி ஓட்டுறேம்மா," என்றேன். "நீங்க பில்லு போடச் சொல்லுங்க."

வண்டி வந்த ஒன்பதாம் நாள் காலை, கல்லூரிக்கு முந்தைய சிக்னலில் நின்றேன். ரோடு இடது பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. இடது காலை ஊன்றினேன். ஊன்ற அங்கே ஒன்றுமில்லை. நூற்றுத் தொண்ணூறு கிலோ மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்தது. பிடித்துவிடலாம் என்று கடைசிவரை நம்பினேன். பிறகு நாங்கள் மூவரும் தரையில் கிடந்தோம், நானும் மனைவியும் வண்டியும். வேகம் பூஜ்யம். குறுக்கே யாரும் வரவில்லை. நாலு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மனைவிக்கு இடது மணிக்கட்டு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு அவள் தம்பி அலறியடித்துக்கொண்டு வந்தான். "என்னாச்சு மாமா? யாராவது இடிச்சானா?"

கட்டுப் போட்ட கையோடு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நாக்குக் கூசாமல் சொன்னேன்: "முன் பிரேக் தானா பிடிச்சுக்கிச்சுடா. ஷோரூம்ல சரியாப் பார்க்காமக் கொடுத்திருக்காங்க."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் கைக்கட்டைப் பார்த்தாள். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாமல் எழுந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மச்சான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மறுநாளே ஷோரூமுக்குப் போய்ச் சத்தம் போட்டு, அதை வீடியோ எடுத்துப் போட்டும் விட்டான். சாயங்காலம் போன் செய்தான்.

"விடல மாமா! செக் பண்ணிக் கையெழுத்துப் போட்ட மெக்கானிக் யாருன்னு கேட்டேன். ஒரு பொம்பளையாம். விசாரணை முடியுற வரைக்கும் வேலைக்கு வரக்கூடாதுன்னு அனுப்பிட்டாங்க."

"அப்படியா," என்றேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, இங்கே இரண்டையும் நான்தான் பங்கு பிரித்துக் கொடுத்திருந்தேன்.

லேபில் அதைவிட மோசம். "ஹைவே ஓட்டினதாலதான் இதோட போச்சு. வேற யாராவதுன்னா மண்டை போயிருக்கும்," என்று தோளைத் தட்டினார்கள். நான் தலையாட்டினேன். ஆம், ஆட்டினேன்.

ஒரு கையால் தலை பின்ன முடியாதே, காலையில் நான்தான் அவளுக்குப் பின்னிவிட்டேன். மச்சான் போன் செய்த நாலாம் நாள், சீப்போடு அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தபோது, சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த மெக்கானிக், நமக்கு வேணாம்னு சொன்ன பொண்ணுதான?"

"ஆமா."

"ம்," என்றாள். "இறுக்கிப் பின்னாதீங்க, வலிக்குது."

அன்று லேபுக்குப் போகவில்லை. பஸ் பிடித்து ஷோரூமுக்குப் போனேன். மேலாளரின் மேசையைச் சுற்றி வண்டி வாங்க வந்த ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்கள் போகட்டும் என்று அரை மணி நேரம் ஹெல்மெட் அலமாரி அருகே நின்றேன். அவர்கள் போவதாக இல்லை. போய்ச் சொன்னேன்.

"பிரேக்ல தப்பு இல்ல சார். கால் எட்டல."

"எது எட்டல?"

"என் கால். தரைக்கு."

மேலாளர் என்னை மேலிருந்து கீழ் வரை ஒரு முறை பார்த்தார். அந்தக் குடும்பத்துச் சின்னப் பெண்ணும் என் கால்களைப் பார்த்தாள். "இதை எழுதிக் கொடுங்க," என்றார். எழுதினேன். 'பிரேக் பழுது என்று நான் கூறியது பொய்' என்று எழுதும்போது, என் கையெழுத்து இவ்வளவு அழகானதா என்று ஒரு அபத்தமான எண்ணம் வந்தது.

அந்த மெக்கானிக் மதியம் வருவார் என்றார்கள். விளக்கம் எழுதித் தர அழைத்திருந்தார்களாம். காத்திருந்தேன். சீருடை இல்லாமல், சாதாரண உடையில், கையில் ஒரு கோப்போடு வந்தார். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"நாலு நாளா யோசிச்சுப் பார்த்துட்டே இருந்தேன் சார்," என்றார். "அன்னைக்கு பிரேக்கைப் பார்த்தேனா இல்லையான்னு. பார்த்தது நல்லா ஞாபகம் இருந்துச்சு. அப்புறம் எல்லாரும் சொல்லச் சொல்ல, ஒருவேளை பார்க்கலையோன்னு எனக்கே தோணிடுச்சு. ஒரு அம்மாவோட கையை நான்தான் ஒடைச்சேனோன்னு ராத்திரி தூக்கம் இல்ல."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உங்க வீட்டம்மாவுக்குக் கை எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டார். 'பரவாயில்லை' என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதை வாங்கிக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை.

மச்சானிடம் சொன்னது அடுத்தது. அவன் வீடியோவை நீக்கினான். "என்னைக் கோமாளி ஆக்கிட்டீங்க மாமா. உங்களுக்காக அந்தப் பொம்பளைய நான் என்னெல்லாம் பேசினேன் தெரியுமா?" என்றான். போய் அந்த மெக்கானிக்கிடம் அவனும் மன்னிப்புக் கேட்டான். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. லேபிலும் சொன்னேன். ஒரு நிமிடம் எல்லோரும் கையிலிருந்த பல்லைப் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து என் பெயர் 'சர்வீஸ் ரோடு' ஆகிவிட்டது. சரியான பெயர்தான்.

ஷோரூமுக்குப் போய் வந்த அன்று இரவு சாப்பிடும்போது மனைவியிடம் கேட்டேன்: "ஆஸ்பத்திரியிலயே நீ உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா என்கூட சண்டை போட்டிருப்பீங்க," என்றாள். "சண்டைன்னு வந்துட்டா சொன்ன பொய்யை மறந்திருப்பீங்க. ஆனா நானும் அன்னைக்கே பேசியிருக்கணும். அந்தப் பொண்ணு நாலு நாள் வீட்டுல உட்கார்ந்திருக்க வேண்டி வந்திருக்காது." தட்டைத் தள்ளி வைத்தாள். அவளும் என் பொய்யைச் சுமந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கை சரியானதும் உயரமான வண்டியைக் கொடுத்துவிட்டுத் தாழ்வான வண்டியை எடுத்தோம். இந்த முறை தேர்ந்தெடுத்தது அவள். வீடியோ எதுவும் பார்க்கவில்லை. பின்சீட்டில் ஆறு தடவை ஏறி இறங்கினாள். கால் வைக்கும் இடத்தை மிதித்துப் பார்த்தாள். என்னை உட்கார வைத்து, தானும் பின்னால் உட்கார்ந்து, "இப்ப சாயுங்க, பிடிங்க பார்ப்போம்," என்றாள். பிடித்தேன். அவ்வளவுதான் பரீட்சை.

பள்ளத்தில் மெத்தென்று போகிறது, நெரிசலில் எளிதாகத் திரும்புகிறது, சூடு தொடையைச் சுடுவதில்லை. நல்ல வண்டி. சர்வீசுக்கு, வேலைக்குத் திரும்பிவிட்ட அந்த மெக்கானிக்கிடமே விடுகிறோம். அவர் என்னோடு வண்டியைப் பற்றி மட்டும் பேசுவார், என் மனைவியோடு எல்லாவற்றையும் பேசுவார். அந்த நேரமெல்லாம் நான் சர்வீஸ் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். இன்னும் அவர் முகத்தை நேராகப் பார்க்க வரவில்லை.

போன மாதம் இருவரும் பேசி ஏதோ முடிவு செய்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், காலியாகக் கிடக்கும் சந்தை மைதானத்தில் என் மனைவி அந்த வண்டியை ஓட்டிப் பழகுகிறாள். மெக்கானிக் ஓரமாக நின்று கிளட்ச் விடச் சொல்லிக்கொடுக்கிறார். பாரத்துக்கு ஆள் வேண்டும் என்று என்னைப் பின்னால் உட்கார வைக்கிறார்கள். நான் பேசாமல் ஏறி உட்கார்ந்துகொள்கிறேன்.