நாற்பத்தொன்றாம் பக்கத்துப் பெயர்

கூதிர் கழிந்து முன்பனி தலைப்படும் நாட்கள் அவை. மலைச்சரிவில் அடுக்கடுக்காய் நின்ற செங்கல் வீடுகளின்மேல் வானம் ஈயத்தகடு போல் தாழ்ந்து கிடந்தது. ஆற்றங்கரை உருக்காலைகளின் புகை, மேலெழும் வலுவின்றித் தெருவிலேயே உழன்றது. இலை உதிர்த்த மரங்கள், தீர்ப்பைக் கேட்டபின் உயர்த்திய கையை இறக்க மறந்தவர்களைப் போல நின்றன. கதிரவன் எழுந்தான் என்பதைக் கடிகாரம் சொன்னால்தான் தெரியும். அத்தகைய ஒரு புதன்கிழமை காலையில், பிட்ஸ்பர்க் நகரத்துக் கேலப் தெருவின் முனையில் சாம்பல்நிறக் கார் ஒன்று வந்து நின்றது. அதன் எண்பலகை தெற்கிலுள்ள ஜார்ஜியா மாநிலத்துக்கு உரியது.

கண்டவர் எவரும் வாய் திறக்கவில்லை. ஆயினும் நண்பகலுக்குள் முடிதிருத்தகத்து இசைப்பெட்டி அடங்கியது. கொடியில் காய்ந்த துணிகள் ஈரத்தோடே உள்ளே போயின.

கில்கால் சபையின் எழுத்தர் ஓசெல்லா டார்ப்லி, ஆலய அலுவலறைச் சன்னல் வழியே அந்தக் காரைக் கண்டாள். நாற்பத்தாறு வயதில் முதன்முறையாக, எழுதத் தெரிந்ததற்காக அஞ்சினாள்.

சபையின் பொன்விழா மலருக்காக ஓராண்டு காலம் ஒலிநாடாப் பெட்டியைச் சுமந்து வீடு வீடாய் ஏறி இறங்கியவள் அவள். நாற்பது பேர் பேசினார்கள். தர்பூசணிக் கூடைகளுக்கு நடுவே ஒளிந்து இரண்டு மாநிலம் கடந்தவர் பேசினார். இரும்புச் சட்டியை மட்டும் சால்வையில் சுற்றிக்கொண்டு ரயிலேறியவள் பேசினாள். தெற்கு மாநிலங்களின் வெள்ளையர் கொடுமையிலிருந்து தப்பி வந்த கறுப்பினத்தவரின் தெரு அது. வெளியாள் வந்து இன்னார் எங்கே என்று கேட்டால், வாசலில் நிற்பவன் உடன்பிறந்தவனே ஆனாலும், "அப்படி யாரும் இல்லையே" என்பதே அங்கே விடை. ஒலிப்பெட்டியை மட்டும் அவர்கள் வெளியாளாக எண்ணவில்லை.

சபையின் உதவி ஊழியரான டீக்கன் ரீட்டும் அப்படி எண்ணவில்லை. ஞாயிறுதோறும் அவர் ஒரு வரியை எடுத்துக் கொடுக்க, சபை அதை நீட்டி முழக்கிப் பாடும்; குரல் நிலத்தடி நீர் போல ஆழத்திலிருந்து வரும். இளமையில் பைன்மரப் பிசின் எடுக்கும் காட்டில், தம்பியைச் சாட்டையால் அடித்த கங்காணியைக் கைக்கோடரியால் அடித்துவிட்டு ஓடி வந்தவர்.

"என் பேரு ரீட் இல்லம்மா. ஏமஸ் கல்பெப்பர். எங்கம்மா வச்ச பேரு. முப்பது வருசமா யாரும் என்னை அப்படிக் கூப்பிடல."

"எழுதட்டா, டீக்கன்?"

"எழுது. அங்க எவன் இருக்கப் போறான்? ஒரு தடவையாவது அதை அச்சுல பாத்துட்டுச் சாகணும்."

அவள் எழுதினாள். முன்னெச்சரிக்கையாக ரீட் என்ற பெயரையும் படத்தையும் விட்டுவிட்டாள். மலர் வந்ததும், வழக்கப்படி, தெற்கிலுள்ள பன்னிரண்டு தாய்ச்சபைகளுக்கும் பன்னிரண்டு படிகளைத் தன் கையாலேயே கட்டி அஞ்சலில் சேர்த்தாள். பொட்டலத்தைப் பிரிக்கும் கைகள் எல்லாம் சபையின் கைகளாக இரா என்று அவளுக்குத் தோன்றவில்லை.

பிற்பகலில் காரிலிருந்த வெள்ளையன் அலுவலறைக்கே வந்தான். தொப்பியைக் கழற்றவில்லை. கையில் அந்த மலர் இருந்தது.

"நல்லா எழுதியிருக்க பொண்ணே. எங்க ஊர்த் தபாலாபீசுல பிரிச்சுப் படிச்சோம். நாப்பத்தொண்ணாம் பக்கம் இருக்கு பாரு, அதுல அடிவாங்கினது எங்கப்பா. மூணு நாள் கிடந்து செத்தாரு. எனக்கு அப்ப ஏழு வயசு."

ஓசெல்லா எழுந்து நின்றாள்.

"முப்பது வாசல்ல கேட்டுட்டேன். அப்படி ஒரு ஆளே கிடையாதாம். எழுதினவ நீ. நீ சொல்லு."

"தெரியாது, ஐயா."

அவன் சிரித்தான். அதில் சினம் இல்லை. "பாட்டு எடுத்துக் குடுக்குறவன்னு நீயே எழுதியிருக்க. ஞாயித்துக்கிழமை வந்து உக்காந்தா அவன் தானா வாயைத் திறப்பான். ஆனா எனக்கு அவ்வளவு பொறுமை இல்ல. நாளைக்கு மதியம் உள்ளூர் போலீசோட வர்றேன். அதுவரைக்கும் தெருமுனையிலதான் இருப்பேன்."

அவன் போனதும் ஒவ்வொருவராய் வந்தார்கள். முதலில் ஹேட்டி பிராட்நாக்ஸ், கையை நீட்டியபடி.

"என் நாடாவைக் குடு ஓசெல்லா. என் குரலை இனி நானே வச்சுக்குறேன்."

"ஹேட்டி அக்கா, நான் வேணும்னா செஞ்சேன்?"

"பாம்பு கூடத்தான் வேணும்னு கடிக்கிறதில்ல."

அவள் கொடுத்தாள். அடுத்து வந்தவருக்கும் கொடுத்தாள். விளக்கேற்றும் வேளைக்குள் அலமாரி வெறுமையாயிற்று.

மறுநாள் காலை, சவ அடக்கத் தொழில் செய்யும் டூலியின் பின்கட்டில் டீக்கனும் ஓசெல்லாவும் நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் திறந்த சவப்பெட்டி. டீக்கனை ஏற்றிச் செல்ல ஒஹையோ எல்லைக்கு அப்பால் டூலியின் மைத்துனன் காத்திருந்தான்.

"யோசிக்காதீங்க டீக்கன்," என்றார் டூலி. "என் வண்டியில ஏறினவன் எவனும் திரும்பி வந்து குறை சொன்னதில்ல."

"ஓசியில போறேன்னு பைன்மரப் பெட்டியைக் குடுத்திராத, டூலி. எனக்கும் அந்த மரத்துக்கும் பழைய பகை."

"ஓக் மரம். வெளிய வந்ததும் திருப்பிக் குடுத்துரணும், சொல்லிட்டேன்."

மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அறை முன்னைவிடக் குளிர்ந்தது. காலணியோடு பிணம் படுப்பதில்லை என்று டூலி சொல்ல, டீக்கன் வெறுங்காலோடு ஏறிப் படுத்தார்.

ஓசெல்லா கறுப்பு உடுத்து டூலிக்குப் பக்கத்தில் அமர்ந்தாள். சவவண்டி தெருமுனையை அடைந்தபோது சாம்பல்நிறக் காரின் கதவு திறந்தது. அவன் நடுத்தெருவில் வந்து நின்று கை உயர்த்தினான்.

"யாரு உள்ள?"

டூலி வாய் திறக்குமுன் அவன் தலையசைத்து மறித்தான். "உன்னைக் கேக்கல. இவ சொல்லட்டும். இவ எழுதின புத்தகத்தை வரி விடாம படிச்சிருக்கேன். ஒரு பொய் கிடையாது. சொல்லு, யாரு?"

அவள் வாழ்நாளெல்லாம் பிறர் சொன்னதைச் சொன்னபடியே எழுதியவள். ஒரு தேதி பிழையானாலும் உறக்கம் கொள்ளாதவள்.

"எங்கம்மா, ஐயா," என்றாள். "காசநோய். முகம் பாக்கணும்னா திறக்கச் சொல்றேன். வாயை மட்டும் துணியால கட்டிக்குங்க."

இமைக்காமல் அவள் கண்களையே பார்த்தான். பின்னால் பெட்டிக்குள் மூச்சு இழையும் ஒலி தன் செவிக்கு மட்டுமே கேட்கிறதா, அவனுக்கும் கேட்கிறதா என்று அவளால் அறியக்கூடவில்லை. பின்பு அவன் இரண்டடி விலகினான். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான்.

வண்டி நகர்ந்தது.

எல்லை கடந்து, ஆற்றோரப் புதர்களுக்கிடையே வண்டி நின்றது. டூலி மூடியைத் திறந்தார். டீக்கன் எழுந்து, பெட்டியின் விளிம்பில் அமர்ந்து, நெடுநேரம் மூச்சு வாங்கினார். பாதங்கள் குளிரில் கன்றிப்போயிருந்தன. சற்றுத் தொலைவில் மைத்துனனின் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"தப்பிச்சாச்சு டீக்கன்," என்றார் டூலி.

டீக்கன் ஓசெல்லாவைப் பார்த்தார். "நான் தப்பிச்சேன். புத்தகத்துல இன்னும் எத்தனை பேரும்மா?"

அந்தக் கேள்வியை அவள் வழி நெடுக நெஞ்சுக்குள் சுமந்து வந்திருந்தாள்.

"முப்பத்தொன்பது பேரு. எல்லாருக்கும் ஊரும் பேரும் சேத்தே போட்டிருக்கேன். பன்னெண்டு ஊருக்கு அனுப்பியிருக்கேன், டீக்கன். இவன் வந்தது ஒரு ஊர்லேருந்துதான். அடுத்தவன் வர்றதுக்குள்ள கதவு கதவாத் தட்டி எல்லாரையும் எச்சரிக்கப் போறேன்."

ஆற்றுக்கு மேல் காகங்கள் ஒலியின்றி வட்டமிட்டன. வந்த பாதையை மூவரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். இப்போது அது வெறுமையாக இருந்தது.

ஓசெல்லா குடுவையிலிருந்த வெந்நீரைத் தகரக் கிண்ணத்தில் ஊற்றினாள். அவர்கள் சபையில் ஆண்டுக்கு ஒருநாள், ஆடவர் ஆடவர்க்கும் பெண்டிர் பெண்டிர்க்கும் பாதம் கழுவுவதுண்டு. இப்படி மாற்றிச் செய்வது இல்லை. டூலி அதைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் ஈரத்தரையில் மண்டியிட்டாள். அவருடைய வலப்பாதத்தைக் கையில் ஏந்தி, விரல் விரலாய்க் கழுவினாள், பின் இடப்பாதத்தை. தலைச்சால்வையை அவிழ்த்துத் துடைத்தாள்.

டீக்கன் அவள் தலைமேல் கை வைத்தார்.

"நீ போற வழியெல்லாம் கர்த்தர் உனக்கு முன்னால போகட்டும். நீ தட்டுற கதவு ஒவ்வொண்ணும் நேரத்துல தொறக்கட்டும். உன் கால் இடறாம இருக்கட்டும், மகளே. ஆமென்."