வெள்ளிக்கிழமை நிற்கும் பெட்டி

எங்கள் பெட்டி வெள்ளிக்கிழமை மட்டும்தான் நின்றுபோகும். பட்டர்வொர்த் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளை இயக்கப்போகிற கணினி அது. அதன் கெர்னலை, அதாவது அடிப்படை மென்பொருளை, ஜார்ஜ்டவுனில் ஒரு மாடி அலுவலகத்தில் நாங்கள் மூன்று பேர் சோதித்துக்கொண்டிருந்தோம். வெள்ளி மதியம் ஜபருல்லா அண்ணன் தொழுகைக்குப் போவார். மேலாளர் ஆரோக்கியநாதன் பள்ளிவாசலில் அவரை ஏற்றிக்கொண்டு சூலியா தெருவுக்கு நாசி கண்டார் என்கிற கறிக்குழம்புச் சோறு சாப்பிடப் போய்விடுவார். எனக்கு வெள்ளிக்கிழமை சைவம். வீட்டுச் சோற்றோடு நான் மட்டும் அலுவலகத்தில் இருப்பேன். அவர்கள் திரும்பி வரும்போது பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

பிறகென்ன, எல்லாக் கண்ணும் என் மேல்தான்.

"சாந்தினி, மத்தியானம் பெட்டியத் தொட்டியா?" என்றார் ஆரோக்கியநாதன்.

"தொடலை பாஸ்."

"சும்மா கேட்டேன்லா."

சும்மா கேட்கிறவர் கதவு அட்டைப் பதிவை எதற்கு வாங்கிப் பார்க்கிறார்? நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஜபருல்லா அண்ணன் என் மேசையைத் தாண்டும்போதெல்லாம் என் திரையை நோட்டம் விடுகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. என்னை நிரந்தரமாக்குவது ஆரோக்கியநாதன் கையில் இருந்தது. நிரந்தர வேலை கிடைத்தால் அக்கரையில் பிறை என்ற ஊரில் தனியாக இருக்கும் அம்மாவை என்னோடு அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன்.

கெட்ட பெயர் ஒட்டிக்கொள்வதற்குள் காரணத்தைப் பிடித்தாக வேண்டும். பெட்டி நின்றபோது விட்டுச்சென்ற பதிவை வரி வரியாகப் படித்தேன். பேஜ் ஃபால்ட். கெர்னல் தன் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கும். நெடுநேரம் யாரும் தொடாத பக்கத்தை வட்டுக்கு நகர்த்திவிட்டு, கேட்டால் திரும்பக் கொண்டுவரும். பாரந்தூக்கியின் அவசரச் சமிக்ஞையைக் கவனிக்கும் நிரலுக்கோ காத்திருக்க நேரமில்லை. அது கைநீட்டியபோது பக்கம் அங்கே இல்லை. கெர்னல் படுத்துவிட்டது.

மற்ற நாட்களில் சாப்பாட்டு நேரத்திலும் யாராவது சோதனை ஓட்டிக்கொண்டிருப்போம்; மாலையில் பெட்டியை அணைத்துவிட்டுத்தான் போவோம். வெள்ளியன்றுதான் பெட்டி அத்தனை நேரம் சும்மா கிடந்தது. சந்தேகத்துக்குப் பயந்து நானும் அதன் பக்கமே போகவில்லை. அந்தப் பக்கத்தை நகர்த்தவிடாமல் நினைவகத்திலேயே பூட்டிவைத்திருக்க வேண்டும். நிரலை எழுதியவர் அதைச் செய்யவில்லை. யார் எழுதியது என்று பார்த்தேன். ஆரோக்கியநாதன்.

வியாழக்கிழமை திருத்தத்தை எழுதிக் காட்டினேன். அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "போட்டுடு" என்றார். அன்று மாலையே ஓர் ஆள் வந்து என் தலைக்கு மேல் கேமரா மாட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் பெட்டி நிற்கவில்லை.

"பாத்தியா ஜபரு, கேமரா போட்டதும் அடங்கிருச்சு" என்றார் ஆரோக்கியநாதன், என் காதில் விழும்படியாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கேமரா இருக்கட்டும் பாஸ். அடுத்த வெள்ளி என் திருத்தத்தை எடுத்துட்டு நீங்களே பழைய நிரலை ஏத்துங்க. நானும் உங்ககூட வர்றேன்."

அப்படியே செய்தார். கதவைப் பூட்டிச் சாவியையும் தன் பையில் போட்டுக்கொண்டார். சூலியா தெருக் கடையில் அவர்கள் மீன் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். நான் லைம் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தேன். ஆரோக்கியநாதனின் கைப்பேசி கத்தியது. கேமராப் படத்தில் ஆளில்லாத அறையும் சிவப்பு விளக்கும் தெரிந்தன.

ஜபருல்லா அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "உன்னையப் போயி தப்பா நெனச்சிட்டேனே, தங்கச்சி."

எனக்கு மனசு அப்படியே லேசாகிவிட்டது. அம்மாவிடம் என்ன சொல்லலாம் என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

ஆரோக்கியநாதன் திரையை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கெளம்புறதுக்கு முன்னாடி ஏதாச்சும் செட் பண்ணிட்டு வந்தியா?"

கோபம்கூட வரவில்லை. இந்த மனிதரிடம் இன்னும் எத்தனை வெள்ளிக்கிழமை நான் நல்லவள் என்று காட்டிக்கொண்டிருப்பது?

"திருத்தம் சர்வர்ல இருக்கு பாஸ். அத போட்டுக்குங்க, பெட்டி நிக்காது" என்றேன். "என்னைய நிரந்தரமாக்க வேணாம்."

எழுந்து தெருவுக்கு வந்து அம்மாவை அழைத்தேன். அவள் எடுத்த எடுப்பிலேயே, "வேலை கெடச்சிருச்சாம்மா?" என்று கேட்டாள்.