கைப்பட்டை

கத்தரிக்கோலின் வளையத்துக்குள் கட்டை விரல் நுழையவில்லை. நேற்று வரை வழுக்கிக்கொண்டு போன விரல். அவள் வளையத்தைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், இன்னொரு முறை முயன்று பார்த்துவிட்டுக் கத்தரியை மேசைமேல் வைத்தாள். மோதிரத்தைப் போன வாரமே சோப்பு போட்டுக் கழற்றியாயிற்று. மோதிரம் இல்லாமல் இருக்கலாம், தையல்காரி கத்தரி இல்லாமல் என்ன செய்வாள்?

மேசைமேல் ஒரு கோட் உள்பக்கம் வெளியே திரும்பிக் கிடந்தது. காலையில் ஒரு வங்கிக்காரர் கொண்டுவந்து கொடுத்தது. கை தொளதொளவென்று இருக்கிறதென்று வேறெங்கோ கொடுத்துப் பிடித்திருக்கிறார். பிடித்ததிலிருந்து கையை நீட்டினால் மடக்க முடியவில்லையாம், உள்ளே எதுவோ சுருண்டு கொள்கிறதாம். அவள் திருப்பிப் பார்த்த மாத்திரத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. வெளித்துணியை மட்டும் அழகாகப் பிடித்துவிட்டு, உள்ளே இருந்த லைனிங்கைத் தொடாமலே விட்டிருக்கிறான் அந்தப் புண்ணியவான்.

"அத்தை, இங்க வந்து பாருங்களேன் இந்தக் கூத்தை," என்று மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மேல மட்டும் அவர் அளவு, உள்ள ஊரான் அளவு. இவனுக்கெல்லாம் யாரு ஊசி பிடிக்கக் கத்துக் குடுத்தது?"

அது காலை. அப்போது தலைவலி நெற்றியோடு நின்றிருந்தது. இப்போது மத்தியானம் தாண்டி, வலி கண்ணுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

வீட்டில் அவளுக்கு ஊசி என்றுதான் பெயர். கல்யாணமான புதிதில் புருஷன் வைத்தது. தொழிலுக்கும் பொருந்தியது, உடம்புக்கும் பொருந்தியது. எட்டாம் மாத வயிற்றோடு நின்றாலும் பக்கவாட்டில் பார்த்தால்தான் கர்ப்பிணி, பின்னால் இருந்து பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பெண். மாமியார் அதற்கு நேர் எதிர். மூன்று பேர் உட்காரும் சோபாவில் அவள் உட்கார்ந்தால் இன்னொருவர் யோசித்துத்தான் உட்கார வேண்டும். அதைப் பற்றி அவளைவிட நன்றாக யாரும் கேலி பேச முடியாது.

கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து புருஷன் செல்போனை நீட்டிக்கொண்டே இருந்தான். வயிற்றுக்கடியில் முட்டுக் கொடுக்கும் நீளத் தலையணை, இடுப்பைத் தாங்கும் பெல்ட், வயிற்றுப் பக்கம் எலாஸ்டிக் வைத்த பேண்ட், வீங்கின காலுக்கு அகலச் செருப்பு. "இது வாங்கிரலாமா, இது?" என்பான். அவள் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பாள், தையல் எங்கே போகிறதென்று பார்ப்பாள், "இதை நானே தைச்சுக்குவேன்" என்பாள். தைத்தும் விட்டாள். வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகளை அடைத்த தலையணை அவள் முதுகுக்கும் முட்டிக்கும் சொல்லிவைத்தாற்போல் பொருந்தியது. பெல்ட்டைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எந்தக் கடை என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் அவளுக்கு ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை.

தைக்க முடியாத ஒரே சாமான் ரத்த அழுத்தம் பார்க்கும் மிஷின். அது மாமியாருடையது. போன வருஷம் மாமியார் மயங்கி விழப் பார்த்த அன்று அந்த மிஷின்தான் முதலில் காட்டிக்கொடுத்தது, அன்றைக்கு அவள் பிழைத்ததே அதனால்தான். அதிலிருந்து அதற்கு எதிராக ஒரு வார்த்தை யார் சொன்னாலும் அவளுக்குப் பொறுக்காது. படுக்கைக்குப் பக்கத்தில் துவைத்த துணி விரித்து அதன்மேல் வைத்திருப்பாள். இவளுக்கும் காலையும் மாலையும் பார்க்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொன்னபோது, "அதான் நம்ம வீட்டுல இருக்கே" என்று அவள்தான் முந்திக்கொண்டு சொன்னாள்.

மிஷினோடு சேர்ந்த கைப்பட்டை மாமியார் கைக்கு வாங்கியது. இவள் கையில் சுற்றினால் நழுவி முழங்கையில் வந்து நின்றது. ஊசி சும்மா இருப்பாளா? பட்டையை ஒட்டிப் பிடிக்கும் வெல்க்ரோவைப் பிரித்து, இன்னொரு துண்டை நன்றாக உள்ளே தள்ளி வைத்துத் தைத்தாள். வெளித் துண்டு மாமியாருக்கு, உள் துண்டு தனக்கு. பட்டைக்குள் காற்றுப் பை இருந்த இடத்தைத் தடவிப் பார்த்து, அதில் ஊசி படாமல் பொடித் தையலாகப் போட்டாள். பட்டை கச்சிதமாகக் கவ்விப் பிடித்தது. புருஷன் படம் எடுத்துக்கொண்டு போய் வேலையிடத்தில் காட்டினான். கம்பெனிக்காரனுக்கே இந்த யோசனை வரவில்லை பார் என்று மாமியார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

நூற்று நாற்பதைத் தாண்டினால் உடனே வாருங்கள் என்பது ஆஸ்பத்திரியின் உத்தரவு. மிஷின் ஒருநாளும் தாண்டவில்லை. ஆனாலும் இரண்டு முறை பயந்துபோய் ஓடியிருக்கிறார்கள். ஒருமுறை பிள்ளை அசையவில்லை என்று, ஒருமுறை அடிவயிற்றில் இழுக்கிறதென்று. இரண்டு முறையும் பிள்ளை ஜம்மென்று இருந்தது. இரண்டாம் முறை நர்ஸ் சிரித்துக்கொண்டே, "வீட்டுல உங்களுக்கு வேற வேலை இல்லையாம்மா?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். இவளுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது.

ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். ஊசிக் காதுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வெளிச்சப் பொட்டு வந்து நின்றது. கண்ணைக் கசக்கினாள். பொட்டு இரண்டாயிற்று, நகர்ந்தது, நூல் எங்கே காது எங்கே என்று தெரியவில்லை. வலது பக்கம் விலா எலும்புக்குக் கீழே யாரோ கட்டை விரலால் அமுக்குவது போல் இருந்தது.

"அத்தை," என்றாள். குரலைக் கேட்டே மாமியார் மிஷினை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பட்டை உப்பியது, தளர்ந்தது. நூற்று முப்பத்து நான்கு.

"அப்பாடா," என்றாள் மாமியார். "நேத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான். ஆனா உள்ளுக்குள்ளதான் இருக்கு. ராத்திரி சரியா தூங்கல நீ. காலைலேருந்து அந்தக் கோட்டையே உத்துப் பார்த்துக்கிட்டு இருக்க. தலை வலிக்காம என்ன செய்யும்? போய்ப் படு."

"கண்ணுல புள்ளி புள்ளியா தெரியுது அத்தை."

"நூலையே பார்த்தா அப்படித்தான் தெரியும். நம்பர் நல்லா இருக்கும்மா. நம்பர் நல்லா இருக்கும்போது போய் நின்னா மறுபடியும் சிரிப்பாங்க."

சிரிப்பார்கள்தான். அவள் புருஷனுக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. அவன் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன், வேலை நேரத்தில் ஏதாவது ஒரு கூண்டின் உச்சியில் நின்றுகொண்டிருப்பான், அங்கே ஃபோனை எடுக்க மாட்டான். அவள் தலையணையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் சாய்ந்தாள். பிள்ளை காலையிலிருந்து எத்தனை முறை உதைத்தது என்று யோசித்தாள். காலையில் சிரித்தபோது உதைத்தது. அதற்குப் பிறகு ஞாபகம் இல்லை. மிஷின் நல்லது என்று சொல்கிறது, உடம்பு கெட்டது என்று சொல்கிறது. உடம்பு இதற்கு முன் இரண்டு முறை பொய் சொல்லியிருக்கிறது, மிஷின் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அப்படி நினைத்துத்தான் கண்ணை மூடப் போனாள்.

எதிரே மேசையில் கோட் கிடந்தது. பிடித்த கை ஒல்லியாக வெளியே தொங்கியது. உள்ளேயிருந்து லைனிங் பிதுங்கிக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கையில் இன்னும் கழற்றாமல் இருந்த பட்டையைப் பார்த்தாள். விரலால் அழுத்தி உள்ளே இருந்த காற்றுப் பையின் ஓரத்தைத் தேடிக்கொண்டே போனாள். பை அவள் கையை ஒரு முழுச் சுற்று சுற்றி, மேலே ஏறி, தன்மேலேயே படிந்து கிடந்தது. காற்றுப் பையில் ஊசி படாமல் தைத்தேன் என்று எத்தனை பேரிடம் பெருமை அடித்திருப்பாள்! 

"அத்தை, இது தப்பு."

"எது?"

"பட்டை. நான் தைச்சது தப்பு. மேல மட்டும்தான் பிடிச்சிருக்கேன். உள்ள பை உங்க அளவுலயே இருக்கு." அவள் எழுந்து நின்றாள், மேசையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கோட்டு மாதிரியே, அத்தை. அந்த முட்டாள் பண்ணின அதே வேலையைத்தான் நானும் பண்ணி வச்சிருக்கேன்."

மாமியார் மிஷினைப் பார்த்தாள். "கைய இறுக்கித்தானே பிடிக்குது? பிடிச்சா சரியாத்தானே காட்டும்? எனக்கு ஒருநாளும் தப்பா காட்டலையே."

"உங்க கைக்குக் காட்டாது. உங்களுக்குன்னு வாங்கினது. எனக்கு என்ன காட்டுதுன்னு யாருக்குத் தெரியும்? கூடவா குறைச்சலா எனக்குத் தெரியாது. ஆனா இது என் நம்பர் இல்ல அத்தை. இத்தனை நாளா பார்த்தது எதுவுமே என் நம்பர் இல்ல."

சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. பயத்தைவிட வெட்கமே அதில் அதிகம் இருந்தது.  அந்த மிஷினைவிட்டு இந்தப் பெண்ணின் பேச்சை நம்புவது மாமியாருக்கு லேசான காரியமா?  பிறகு மருமகளை நாற்காலியில் உட்கார வைத்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்து, அவள் காலை மடியில் எடுத்து வைத்து, முன்னங்காலில் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்தாள். குழி விழுந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீர் கோத்த கால், குழி அப்படியே நின்றது.

"கிளம்பு," என்றாள் மாமியார்.

காரைக் கூப்பிட்டது அவள், பையை எடுத்தது அவள், மிஷினையும் பட்டையோடு பைக்குள் திணித்ததும் அவள்தான். "அவங்களே பார்த்துச் சொல்லட்டும்" என்றாள். வீடு மூன்றாம் மாடி. ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஒரு மாதமாகப் படுத்துக் கிடந்தது, ஏதோ ஒரு சாமான் வர வேண்டுமாம். மாமியார் அந்தப் படிகளில் கடைசியாக இறங்கியது மழைக்காலத்துக்கு முந்தி. முட்டி வலிக்குப் பயந்து பால்கனியோடு சரி. இப்போது செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்து, முன்னால் இறங்கினாள்.

"நீங்க பின்னால வாங்க அத்தை. உங்களால முடியாது."

"நான் முன்னாலதான் போவேன். தலை சுத்தினா பேசாம என் மேல விழு. மெத்தை மாதிரிதானே இருக்கேன், ஒண்ணும் ஆகாது."

சிரிப்பு வந்தது, சிரித்தால் விலாவுக்குக் கீழே வலித்தது. வெளிச்சப் பொட்டுகள் படிகளின் மேல் விழுந்து, எது விளிம்பு எது தரை என்று தெரியாமல் செய்தன. அவள் படியைப் பார்ப்பதை விட்டுவிட்டு மாமியாரின் அகன்ற முதுகை மட்டும் பார்த்து இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் அந்த முதுகு நின்றது, மூச்சு வாங்கியது, ஒருமுறைகூட 'அம்மா' என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவள் என்ன பாடுபடுகிறாள் என்பது பின்னால் வருகிறவளுக்குத் தெரிந்தது. காருக்குள் ஏறின பிறகு மாமியார் அவளுடைய மேல் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரிய கை அது, விரல்கள் ஒரு சுற்று வந்து கட்டை விரலைத் தாண்டின. ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை விடவில்லை.

அதே நர்ஸ். பார்த்ததும் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "என்னம்மா, மறுபடியுமா? வீட்டுல எவ்வளவு காட்டுச்சு?"

"நூத்தி முப்பத்தி நாலு," என்றாள் அவள். "ஆனா அது என்னுது இல்ல சிஸ்டர்."

நர்ஸ் இதைக் கேலியென்று எடுத்துக்கொண்டு, மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்தாள். சுவரில் மூன்று பட்டைகள் மாட்டியிருந்தன. அவள் கையை ஒருமுறை பார்த்து, அதில் சின்னதை எடுத்துச் சுற்றினாள். பட்டை உப்பத் தொடங்கியது. வீட்டுப் பட்டை ஒருநாளும் அவளை இப்படிப் பிடித்ததில்லை. எலும்பு வரை இறுக்கியது, இன்னும் இறுக்கியது, விரல் நுனிகள் கனத்துப் போயின, இதற்கு மேல் போகாது என்று நினைத்தபோது இன்னும் கொஞ்சம் ஏறியது. பிறகு நின்று நின்று தளர்ந்தது.

நர்ஸ் எண்ணைப் பார்த்தாள்.  கையை நேராக வைக்கச் சொல்லிவிட்டு மறுபடி பொத்தானை அமுக்கினாள். இரண்டாம் முறை பார்த்தபோது முகத்தில் சிரிப்பு இருந்த இடமே தெரியவில்லை.

"எவ்வளவு சிஸ்டர்?"

"இடது பக்கமா சாஞ்சு படுங்க. எழுந்திரிக்காதீங்க. நான் டாக்டரைக் கூப்பிடறேன்." திரையைத் தள்ளிக்கொண்டு அவள் போன வேகத்தில் செருப்புச் சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

கையில் பட்டை தளர்ந்து கிடந்தது. அவள் இன்னொரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஏதோ அசைந்தது. பிள்ளையா, தன் மூச்சா என்று தெரியவில்லை. 'ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உதைச்சுடும்மா' என்று வாய்விட்டே கெஞ்சினாள்.

நர்ஸ் தள்ளிவிட்டுப் போன திரை முழுதும் மூடவில்லை. இடைவெளி வழியாக வெளியே பெஞ்சு தெரிந்தது. மாமியார் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள், வீங்கிய முட்டிகள் இரண்டும் விலகியிருந்தன. பைக்குள் ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது, மகனாகத்தான் இருக்கும், அது அவள் காதில் விழவில்லை. மடியில் வீட்டுக் கைப்பட்டை. தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, மருமகள் போட்டிருந்த பொடித் தையலை ஒவ்வொன்றாகக் கிளறிப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஊசியின் தையல் அவ்வளவு லேசில் பிரியாது. பின் வளைந்துவிட்டது. மாமியார் அதைக் கீழே போட்டுவிட்டு, பட்டையை வாய்க்குக் கொண்டுபோய், பல்லால் நூலைக் கவ்வி இழுத்தாள்.