மூடியில் ஒட்டிய சீட்டு

1

இந்தக் கதையில் பாதி எனக்குச் சரியாக நினைவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது பொறுப்பிலிருந்து நழுவ நல்ல வழி என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்துத்தான் எழுதினேன். பிறகு அடித்தேன். பிறகு மறுபடி எழுதினேன்.

நிச்சயமாக நினைவிருப்பது, என் ஆள்காட்டி விரலில் இருந்த உப்பின் சுவை. மற்றதெல்லாம் அதிலிருந்து பின்னோக்கிக் கட்டியது.

முதல் வரி முன்பு இப்படி இருந்தது: "எங்கள் கூடத்தில் ஒரு சின்னக் கடல் இருந்தது." அக்கா படித்தால் சிரிப்பாள். அறுபது லிட்டரை எந்தக் கணக்கில்டா கடல் என்கிறாய் என்பாள். நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவள் அவள். இதை மட்டும் படிக்கவில்லை.

2

அக்கா பத்தொன்பது வருடம் ஒரே மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். ஒருநாள், ஒரே மாதிரி நீலப் பட்டை போட்ட இரண்டு பெட்டிகளில் ஒன்றுக்கு மற்றொன்றை எடுத்துவிட்டாள். வாங்கிப் போன பெரியவர் வீட்டில் மயங்கி விழுந்தார். இரண்டு நாளில் தேறி, கடைக்கே வந்து, "பரவாயில்லம்மா, யாருக்கும் வர்றதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் 'பரவாயில்லை'யைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. லீவு சொல்லிவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். அவள் மகளுக்கு வேறு ஊரில் வேலை. நான் தனி ஆள், ஒரு அச்சகத்தில் பிழைதிருத்துபவன். நாங்கள் இரண்டு பேருமே அதிகம் பேசாதவர்கள். சாப்பாட்டு மேசையில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்ட நாட்கள் உண்டு.

அக்காவைத் தேற்றுவதற்காகத்தான் மீன்தொட்டி வாங்கினேன் என்று எழுத ஆசை. உண்மை அவ்வளவு நல்லதில்லை. பேசாமல் உட்காரும் இரண்டு பேருக்குப் பார்க்க ஏதாவது வேண்டியிருந்தது.

3

கடல்மீன் வளர்ப்பதில் முதல் பாடம், மீன் வாங்கக் கூடாது என்பது.

"ஆறு வாரம் ஆகும் சார்" என்றார் மீன்கடைக்காரர். "மீன் கழிவு அப்படியே விஷம். அதைத் தின்கிற கிருமி இந்தப் பாறையில வளரணும். அதுவரைக்கும் பாறையும் தண்ணியும்தான்."

"வெறும் தண்ணியப் பாத்துக்கிட்டு உட்காரணுமா?" என்றாள் அக்கா. "அதுக்கு ரெண்டு வாளி போதுமே."

தினமும் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, எட்டுச் சொட்டு மருந்து விட்டு, ஐந்து நிமிடம் கழித்து நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். விஷம் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் மஞ்சள். முதல் வாரம் அக்கா கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டு, தள்ளி உட்கார்ந்து பார்த்தாள். இரண்டாம் வாரம் நான் சொட்டு விட அவள் எண்ணினாள். மூன்றாம் வாரம்—

(இங்கே வெளிச்சத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அழகான பத்தி. கதையைத் தள்ளிப்போடத்தான் எழுதினேன் என்பது தெரிந்ததும் எடுத்துவிட்டேன்.)

மூன்றாம் வாரம் குழாயை என் கையிலிருந்து வாங்கிவிட்டாள்.

"உன் சொட்டு ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. நீயெல்லாம் என் கடையில இருந்திருந்தா ஊரே படுத்திருக்கும்."

என் வீட்டுக்கு வந்த ஆறு மாதத்தில் அவள் கடையைப் பற்றிப் பேசியது அதுதான் முதல்முறை. நான் நிற அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினேன். ஏதாவது சொன்னால் கலைந்துவிடும் போலிருந்தது.

ஏழாவது வாரம் ஒரே ஒரு கோமாளி மீன் வந்தது. ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை. கண்ணாடிக்கு அருகில் வந்து, வேலை நடக்கிறதா என்று பார்ப்பது போல எங்களைப் பார்க்கும். அக்கா அதற்கு 'முதலாளி' என்று பேர் வைத்தாள். "முதலாளி சாப்பிட்டாரா? நம்மள முறைக்கிறாரே, சம்பளத்துல கைவைப்பாரோ?"

அந்த வாரமே மருந்துக்கடைக்காரருக்கு போன் செய்தாள். "அண்ணே, பதினஞ்சாம் தேதியிலேர்ந்து வர்றேன்" என்றாள். அவர் மாதாமாதம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவர்.

4

இனி வாளிகள். இங்கே மட்டும் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள்.

தொட்டியில் தண்ணீர் தினமும் ஆவியாகும். உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்த அளவை நல்ல தண்ணீர் ஊற்றித்தான் நிரப்ப வேண்டும். உப்புத் தண்ணீர், இடையிடையே கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு மாற்றுவதற்கு மட்டும். பால்கனியில் இரண்டு வாளி வைத்திருந்தேன். இரண்டும் பெயிண்ட் வந்த வெள்ளை வாளிகள், அச்சாக ஒன்றுபோல. காகிதத்தில் 'உப்பு', 'நல்ல தண்ணீர்' என்று எழுதி மூடிகளின் மேல் ஒட்டினேன்.

அக்கா பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மூடியில ஒட்டாதடா. மூடி மாறும். டப்பாவுல ஒட்டு. எங்க கடையில சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறது இது."

"இங்க இருக்கறது ரெண்டே வாளிக்கா."

"மாத்தறதுக்கு ரெண்டு போதும்."

நான் சிரித்தேன்.*

*இந்தச் சிரிப்பு முந்தைய பிரதிகளில் இல்லை.

5

அலுவலக வேலையாகப் பன்னிரண்டு நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. உப்பை அளக்கும் கருவி மீன்கடைக்காரரிடம் வாங்கிய இரவல். அதை முந்தின நாள்தான் திருப்பிக் கொடுத்திருந்தேன். வந்து புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். கண்ணாடியில் ஒரு கோடாக டேப் ஒட்டி, "தண்ணி இதுக்குக் கீழ போனா, நல்ல தண்ணி ஊத்துக்கா" என்றேன். இதைச் சொன்னது நினைவிருக்கிறது.

நினைவில்லாதது, கிளம்பிய அன்று காலை. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"உப்பைக் கரைத்து முடித்தபோது கீழே டாக்ஸி ஹாரன் அடித்தது. மூடிகளை—"

"அன்று காலை நான் பால்கனிப் பக்கமே போகவில்லை—"

"மூடிகள் இரண்டும் தரையில் கவிழ்ந்து கிடந்தன. எழுத்து கீழ்ப்பக்கம் இருந்தது. கைக்கு வந்ததை எடுத்து—"

இரண்டாவது பொய். மற்ற இரண்டில் எது என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன.

6

திரும்பி வந்தபோது மத்தியானம். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விளக்கு அணைந்திருந்தது. அக்கா நாற்காலியில் இருந்தாள். மேசையில் ஒரு கிண்ணம், அதன் மேல் கவிழ்த்த தட்டு. அதற்குள் முதலாளி.

"காலையிலதான்" என்றாள். "பாட்டில்ல தண்ணி எடுத்துட்டுக் கடைக்கு ஓடினேன். அளந்து பாத்தாரு. உப்பு ரொம்ப ஏறிப்போச்சாம். தினமும் உப்புத் தண்ணியவா ஊத்தினீங்கன்னு கேட்டாரு."

நான் பையைக் கீழே வைக்கவில்லை.

"ஒவ்வொரு நாளும் படிச்சுப் பாத்துத்தான்டா எடுத்தேன். நல்ல தண்ணின்னுதான் படிச்சேன். அன்னிக்கும் கடையில அப்படித்தான். சரியான பேரைத்தான் படிச்சேன்னு நினைச்சேன்." கிண்ணத்தின் மேலிருந்த தட்டைச் சரிசெய்துவிட்டு, "நீ போய்ப் பாரு. எனக்குப் போய்ப் பாக்க பயமா இருக்கு" என்றாள்.

பால்கனிக்குப் போனேன். 'நல்ல தண்ணீர்' என்ற மூடியைத் திறந்து விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

அவள் சரியாகத்தான் படித்திருந்தாள். பன்னிரண்டு நாளும்.

அந்த வாளியைச் சாக்கடைத் துளையில் கவிழ்த்தேன். பிறகு இன்னொன்றையும். குழாயைத் திறந்து இரண்டையும் கழுவினேன். ஏன் கழுவினேன் என்பதற்கு எந்தப் பிரதியிலும் என்னிடம் ஒரு வாக்கியம் இல்லை. உள்ளே வந்தேன். அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுக்கா. பரவாயில்ல. யாருக்கும் வர்றதுதான்."

அவள் தலையாட்டினாள். அதன் பிறகு நாங்கள் இருவரும் பேசவில்லை. எங்கள் வீட்டில் அது புதிதில்லை என்பதால், அந்த மௌனம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று நான் பார்க்கவில்லை.

7

மாற்று முடிவுகள்.

அ) நான் சொல்லிவிடுகிறேன். "டேய், அன்னிக்கே சொன்னேன்ல, மூடியில ஒட்டாதன்னு" என்று மூடியை என் மேல் எறிகிறாள். இரண்டு நாள் பேசவில்லை. பதினைந்தாம் தேதி வேலைக்குப் போகிறாள். இதைப் பதினொரு முறை எழுதியிருக்கிறேன். இதுதான் நன்றாக வருகிறது.

ஆ) அக்காவுக்கு அன்றே தெரியும். தண்ணீர் கொட்டும் சத்தம் கூடத்துக்குக் கேட்டிருக்கும். தம்பியைக் காட்டிக்கொடுக்க வேண்டாமென்று சும்மா இருந்துவிட்டாள். படிக்கிறவர்கள் இதை விரும்புவார்கள். எனக்கு வசதியான முடிவு, அதனால் நம்பாதீர்கள்.

இ) பதினான்காம் தேதி அவள் மருந்துக்கடைக்கு போன் செய்கிறாள். "வேணாம்ணே. இனிமே சரிவராது." நான் அடுத்த அறையில், புத்தகத்தின் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான்.

ஒன்று மட்டும் உங்களிடம் விடுகிறேன். நான் எழுதுவது அச்சில் வந்தால் அக்கா தேடிப் படிப்பாள். ஆக இது உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால் அவள் கைக்கும் வந்திருக்கும். அதற்கு முன்னால் அவள் இருக்கும் ஊருக்கு பஸ் ஏறிப் போய் என் வாயால் சொன்னேனா, இல்லை இதையும் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டேனா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். இந்த வரியை எழுதும்போது எனக்குத் தெரியவில்லை.

8

நடந்து ஒன்பது வருடமாகிறது. முதலாளியைக் கீழே தோட்டத்தில் புதைத்தோம். பாறைகளை மீன்கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார், இப்போது நல்ல தண்ணீர் மீன்கள் மட்டும் விற்கிறார். மருந்துக்கடைக்காரர் இரண்டு மாதம் காத்திருந்துவிட்டு வேறு ஆளைச் சேர்த்தார். அன்று மயங்கி விழுந்த பெரியவர் நன்றாக இருக்கிறார், அதே கடையில்தான் வாங்குகிறார். தொட்டி என் வீட்டுப் பரண் மேல் இருக்கிறது, டேப் கோட்டோடு. வாளிகளில் ஒன்றில் பழைய தாள்கள். இன்னொன்று காலி.

அக்கா மகளோடு இருக்கிறாள். இரத்த அழுத்தத்துக்குத் தினமும் ஒரு மாத்திரை. போடுவதற்கு முன் அட்டையை மகளிடம் நீட்டி, பேரைப் படிக்கச் சொல்கிறாள். மகள் படித்துச் சொன்ன பிறகும், கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டுத்தான் விழுங்குகிறாள்.