பிலோமினாவுக்குப் போட்ட மாலை

திண்டிவனம் சந்தையில் தக்காளி வாங்கிக்கொண்டு கன்னியர் மடத்துக்குத் திரும்பிய சமையற்காரி பிலோமினா, கூடத்துச் சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய ஆதார் படத்தைப் பெரிதாக்கி, சந்தன மாலை போட்டு, கீழே சிவப்பு பல்பு எரியவிட்டிருந்தது.

“ஹேப்பி பர்த்டே அக்கா,” என்றார் சிஸ்டர் லூசியா. பிரேசிலிலிருந்து ஊழியத்துக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. “இங்க எல்லா வீட்லயும் ரொம்பப் பிரியமானவங்க படத்துக்கு இப்படித்தானே போடறீங்க?”

வாய்க்கு வந்த வசவை பிலோமினா விழுங்கினாள். பை நழுவித் தக்காளி உருண்டோடியது. பெஞ்சுக்குப் பின்னால் குனிந்து பொறுக்கினாள்.

அந்நேரம் பால் ஊற்ற வந்த அவள் புருஷன் அந்தோணிசாமி, வாசலிலிருந்தே படத்தைப் பார்த்துவிட்டான். பால் கேன் கவிழ்ந்தது.

“காலைல பேசிக்கினுதானடி இருந்த. என்ன வுட்டுட்டு எப்பிடிப் போன?”

தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டான். முப்பது வருஷத்தில் ‘சாப்பிட்டியா’ என்றுகூடக் கேட்டறியாத மனுஷன்.

தப்பு புரிந்துபோன சிஸ்டர் மாலையைக் கழற்றப் போனார். பெஞ்சுக்குப் பின்னாலிருந்து பிலோமினா அவர் அங்கியைப் பிடித்து இழுத்தாள்.

“அவசரப்படாதீங்க சிஸ்டர்,” என்றாள் மெதுவாக. “அந்த மனுசன் அழுது முடிக்கட்டும்.”