இரண்டாவது பெயர்

தருவைகுளம் கரையில் காலை ஆறரை மணிக்கெல்லாம் நண்டு வலைகள் வந்து இறங்கிவிடும். பெண்கள் வலையைச் சுற்றி உட்கார்ந்து, கொடுக்கில் கடி வாங்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள் பதினொரு மாதம், சனிக்கிழமை தவறாமல், இரண்டு கல்லூரி மாணவிகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி அந்த ஊர்க்காரி டயானா. இன்னொருத்தி ஆத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் இசக்கிச்செல்வி. இருவரும் விலங்கியல் இரண்டாம் ஆண்டு.

வலையில் எத்தனை நண்டு, அதில் முட்டை சுமந்தவை எத்தனை என்று எண்ணுவதுதான் அவர்கள் ஆராய்ச்சி. ஊராரிடம் பேசி அனுமதி வாங்குவது டயானாவின் பாடு. அளப்பதும் எழுதுவதும் இசக்கிச்செல்வி. கரையை ஒட்டிப் போடும் வலைகளில்தான் முட்டை நண்டு அதிகம் ஏறுகிறது என்பதை முதலில் கவனித்தவளும் அவளே. வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்க்கும் அவள் அப்பாவுக்கு மகள் நண்டை ஏன் அளக்கிறாள் என்று கடைசிவரை புரியவில்லை. ஆனாலும் பஸ் ஏற்றிவிட மட்டும் அதிகாலையில் எழுந்து வருவார்.

மூன்றாம் ஆண்டு தொடங்கியபோது அவருக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. இசக்கிச்செல்வி படிப்பை நிறுத்திவிட்டு, தூத்துக்குடியில் ஒரு இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். போகுமுன் நோட்டுகளையெல்லாம் டயானாவிடம் கொடுத்தாள். டயானா கட்டுரையை எழுதி முடித்தாள்.

இளநிலை மாணவர்களின் ஆய்வுகளை மட்டும் வெளியிடும் ஒரு இதழ் இருப்பதாக வழிகாட்டிப் பேராசிரியர் கிருபாநிதி சொல்லியிருந்தார். இணையப் படிவத்தில் முதல் பெயர் டயானா. இரண்டாவது பெயரை எழுதியதும், அந்த மாணவியின் இப்போதைய கல்லூரிச் சேர்க்கை எண்ணைக் கேட்டது. இசக்கிச்செல்விக்கு அப்படி ஒரு எண் இல்லை. பேராசிரியரிடம் சொன்னபோது, ஆசிரியர் குழுவுக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள் என்றார். பதில் வர ஒரு மாதம் ஆகலாம் என்றும் சொன்னார். டயானா முதுகலைக்கு விண்ணப்பிக்கப் பத்து நாள்தான் பாக்கி; அதற்குள் கட்டுரையை அனுப்பிவிட்டதாகக் காட்ட வேண்டும். அவள் கேட்கவில்லை. இரண்டாவது பெயரை அழித்துவிட்டு, கீழே பேராசிரியரின் பெயரோடு அனுப்பினாள். அவரும் பட்டியலைப் பார்க்காமலே ஒப்புதல் கொடுத்தார்.

கட்டுரை வந்தது. டயானாவுக்கு வெளியூரில் முதுகலை இடமும் கிடைத்தது. போனில் இசக்கிச்செல்வியிடம், "ஏளா, நம்ம கட்டுரை வந்துட்டு," என்று சொன்னாள். நம்ம என்ற வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. இசக்கிச்செல்வி சந்தோஷப்பட்டாள், லிங்க் அனுப்பச் சொன்னாள். அனுப்புகிறேன் என்று சொன்ன டயானா அனுப்பவில்லை. கேட்டபோதெல்லாம் ஏதோ சாக்கு சொன்னாள். கம்பெனி வேலையின் அலுப்பில் இசக்கிச்செல்வியும் அதற்குமேல் கேட்கவில்லை.

அடுத்த வருடம் ஒரு ஆராய்ச்சி நிலையம், கடற்கரை ஊர்களில் நண்டுக் கணக்கெடுக்கக் கள உதவியாளர் வேண்டும் என்று அறிவித்தது. பட்டம் கட்டாயமில்லை, அனுபவம் போதும். அந்த வேலை கிடைத்தால் விட்ட படிப்பைத் தபால் வழியில் முடித்துவிடலாம் என்று இசக்கிச்செல்வி கணக்குப் போட்டாள். விண்ணப்பத்தில், வெளியான கட்டுரைகள் என்ற இடத்தில், அந்த ஒரே கட்டுரையின் தலைப்பை எழுதினாள்.

நேர்காணலில் இருந்த அதிகாரி கட்டுரையைத் தேடி எடுத்து, கணினியை அவள் பக்கம் திருப்பினார்.

"இதுல உங்க பேரு எங்கம்மா இருக்கு?"

அவள் மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தாள். பிறகு, விட்டுப்போயிருக்கும் சார் என்றாள். எந்த மாதம் முட்டை நண்டு எவ்வளவு ஏறும் என்று சொல்ல ஆரம்பித்தாள். அவர்கள் போதும் என்றார்கள். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டில் நின்று டயானாவுக்குப் போன் செய்தாள்.

"அதுல எம்பேரு இல்லையே ளா. மறந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். டயானாவுக்கு அது தெரியும்.

"மறக்கல. நாந்தான் எடுத்தேன்," என்றாள்.

போன் கட்டாகிவிட்டது.

அன்றே டயானா இதழுக்கு எழுதினாள். நடந்ததை மறைக்கவில்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது. ஆய்வு நடந்தபோது மாணவியாக இருந்தால் போதும், பிறகு படிப்பை நிறுத்தியிருந்தாலும் பெயர் போடலாம், சேர்க்கை எண் இல்லாதவர்களுக்கு நாங்களே பதிவு செய்து தருவோம், முன்பே கேட்டிருக்கலாமே என்று இருந்தது. ஒரு மாதத்தில் திருத்தம் வெளியானது. ஆராய்ச்சி நிலையத்துக்கும் டயானா கடிதம் எழுதினாள். அந்த வேலையில் வேறொருவர் சேர்ந்திருந்தார்.

அவள் ஆத்தூருக்கு நேரில் போனாள். இசக்கிச்செல்வி விரட்டவில்லை, தண்ணீர் கொடுத்தாள்.

"எடுத்ததக் கூட விட்ருவேன் டயானா. சொல்லிருந்தியன்னா நான் அந்த ஃபாரத்துல எழுதிருக்க மாட்டேன். இப்ப அவுங்க பார்வைல நான் பொய் சொன்னவ."

ஷிப்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள்.

சில மாதங்கள் கழித்து, கட்டுரை வெளியிடுவது எப்படி என்று இளையவர்களுக்குச் சொல்லப் பழைய கல்லூரி டயானாவை அழைத்தது. கிருபாநிதி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எந்த இதழுக்கு அனுப்பலாம் என்று ஒரு மாணவி கேட்டாள். டயானா நடந்ததை முழுவதும் சொன்னாள். பேராசிரியர் தலை நிமிரவில்லை.

"எங்க அனுப்பணும்னு பாக்கதுக்கு முன்னால, யாரெல்லாம் சேந்து செஞ்சோம்னு எழுதி வைங்க," என்றாள். "ஒருத்தங்க படிப்ப நிறுத்திட்டாங்கன்னு அவங்க செஞ்ச வேலை இல்லாம போயிராது. விதி தெரியலன்னா கேளுங்க. நான் கேக்கல. எனக்கு அவசரம். அதுக்கு இன்னொருத்தி பொய்க்காரியா நிக்க வேண்டியதாப் போச்சு. பேர நான் திரும்பப் போட்டுட்டேன். அன்னைக்கு அவ அந்த ரூம்ல நின்னத என்னால மாத்த முடியல."