ஒரே ஊரில் ஐஸும் வெயிலும்

பஹ்மிதாவின் வயிற்றெரிச்சலுக்குப் பெயர் ஜெனூபா. கணவன் ஸலாஹுதீனின் மாமி மகள். அவனுக்கென்று முதலில் கலியாணம் பேசிய பெண். இப்போது கனடாவில் வின்னிபெக் என்ற ஊரில், புருசனை விட்டுவிட்டுத் தனியாக இருக்கிறாள். அவள் பேஸ்புக்கில் போடும் படங்களைப் பெருப்பித்து, பக்கத்தில் யாருடைய நிழலாவது விழுந்திருக்கிறதா என்று தேடுவதே பஹ்மிதாவுக்கு வேலை. ஸலாஹுதீனும் கனடாவுக்குத்தானே உழைக்கப் போயிருக்கிறான்!

"நான் இருக்கிறது வன்கூவர், கடற்கரை ஊர். அவள்ட ஊருக்குப் பிளேன்லதான் போகணும்" என்று சத்தியம் பண்ணியிருந்தான். பெண்சாதி மனசு சத்தியத்துக்கெல்லாம் அடங்குமா?

ஜனவரியில் வீடியோவில் வந்தான், மீசையெல்லாம் ஐஸ். ஜூலையில் வந்தான், பெனியனோடு வியர்த்து வழிந்தான். அவள் இருக்கும் கல்முனையில் மாரிக்கு ஒரு போர்வை, அனலடிக்கும் கச்சான் காற்றுக்கு ஒரு விசிறி, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே ஊரில் ஐஸும் வெயிலுமா? யார் காதில் பூச்சுற்றுகிறான்?

பொறுக்கமாட்டாமல் தங்கை நஸ்லாவிடம் ஓடினாள். நஸ்லா பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவள்.

"பொய்யில்ல ராத்தா. நாம பூமிட மத்திய கோட்டுக்குக் கிட்ட. வருசம் முழுக்க சூரியன் தலைக்கு மேலதான். பூமி சரிஞ்சி சுத்துறதால வடக்கால அப்பிடியில்ல. கோடையில பகல் நீளம். குளிர்காலத்துல வெயில் சாஞ்சி விழும், சுறுக்கா இருட்டிரும்."

பஹ்மிதாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பாவம் மனுசன், வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று கண்கூடக் கலங்கியது. நஸ்லா அத்தோடு விட்டிருக்கலாம். டீச்சர்மாரின் வாய் நிற்குமா?

"ஆனா குளிரும் வெயிலும் ரெண்டும் இவ்வளவு மோசமாகிறது கடலுக்குத் தூரமான ஊர்லதான். கச்சான் நேரம் மணல் காலைச் சுடும், கடல் தண்ணி சுடுமா? கடல் சுணங்கித்தான் சூடாகும், சுணங்கித்தான் ஆறும். அதால கடற்கரை ஊர்ல குளிரும் கொஞ்சம், வெயிலும் கொஞ்சம். மச்சான் சொல்றது நடு நிலத்து ஊர்ட கதை. வின்னிபெக் மாதிரி..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பஹ்மிதா எழும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஸலாஹுதீன் அழைத்தான். அவனைத் திட்டித் தீர்க்க வேண்டும், போனைச் சுவரில் அடிக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மகளின் இருமலைப் பற்றிக் கதைத்தாள். மீன் விலையைக் கதைத்தாள். அவனுக்குக் கொட்டாவி வந்தது.

"சரி புள்ள, வைக்கட்டா?"

"ஓம், வைங்க. ஜெனூபாக்கு ஸலாம் சொல்லுங்க."

"ஓம், சொல்றன்" என்றான் ஸலாஹுதீன்.

சொன்ன பிறகுதான் அவனுடைய கொட்டாவி நின்றது.